நூறும் நூற்றைம்பதும்

நான் தட்டச்சுப் படிப்பித்த இடம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் இருந்தது. எண்பதுகளின் கடைசிப் பகுதி. தலைக்கு மேலே அஸ்பெஸ்ரஸ் சீற், காலுக்குக் கீழே பலகைத் தளம், நடுவில் பதினான்கு தட்டச்சுப் பொறிகள். பதினான்கும் ஒன்றாக அடித்தால் கீழே கடைக்காரர் விரித்து வைத்திருக்கும் சேலைகளில் தூசி விழும். அவர் ஏறி வந்து சண்டை பிடிக்கிற ஆளில்லை. துணி அளக்கும் கோலால் தன் கடையின் முகட்டில் மூன்று தரம் தட்டுவார். நாங்கள் அரை நிமிடம் மெதுவாக அடிப்போம். பிறகு பழையபடிதான்.

அந்த இடத்துக்கு இரண்டு முதலாளிகள். மூத்தவர் முன்பு அரசாங்கக் கந்தோரில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். அவரை எல்லோரும் மாஸ்ரர் என்போம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட், நெஞ்சுப் பையில் இரண்டு பேனா. இளையவர் அவருடைய மனைவியின் தம்பி. பக்கத்து ஒழுங்கையில் ரேடியோவும் ரீவியும் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். மாஸ்ரர் காலை எட்டு மணிக்கு வந்து கதவைத் திறப்பார். ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் அன்றைக்குத் திரும்பி வரமாட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு நித்திரை முக்கியம். அண்ணை காலையில் தன் கடையைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு இங்கே வருவார். நான் மட்டும் அச்சுவேலியிலிருந்து முதல் மினிபஸ்ஸில் வந்து பின்னேரம் ஐந்து மணி வரை இருப்பேன்.

கணனி வகுப்பு ஒன்று தொடங்கவேண்டும் என்ற யோசனை அண்ணையுடையது. முழுதாக ஒன்றை வாங்குவதைவிடத் துண்டு துண்டாக வாங்கி நாங்களே பொருத்துவோம் என்றார். மாஸ்ரரும் சம்மதித்தார். அண்ணை ரயிலில் கொழும்புக்குப் போய், பெட்டி, திரை, விசைப்பலகை, மதர்போட் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை: கணனியின் ஞாபகத்தை வைத்திருக்கும் மெமறி சிப். கொழும்பில் அந்த நாட்களில் அதற்குத் தட்டுப்பாடு. மதர்போட்டில் அவற்றுக்கான இடம், ஒன்பது ஒன்பதாய் இரண்டு வரிசை, பல் விழுந்த வாய் மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

"சிங்கப்பூரிலை சின்னக்கா இருக்கிறா. எழுதினால் வாங்கித் தருவா. என்ன வேகத்திலை வேணும் எண்டு மட்டும் சரியாய்ச் சொல்லோணும்," என்றார் அண்ணை.

மதர்போட்டோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. அதன் ஆங்கிலம் ஆங்கிலக்காரருக்கும் விளங்காது. ஆனாலும் வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மெமறிக்கான பக்கத்தைக் கண்டுபிடித்து உரத்து வாசித்தேன்: சிப்பின் வேகம் நூற்றிருபது நனோ செக்கன், அல்லது அதைவிட நல்லது.

அவ்வளவுதான். அதைவிட நல்லது என்றால் கூடவா குறையவா என்று எழுதியவர் சொல்லவில்லை. கொழும்புக் கடைக்காரர் அண்ணையிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். சிங்கப்பூரில் சுலபமாகக் கிடைப்பவை இரண்டு வகை என்று அதில் இருந்தது. ஒன்று நூறு. மற்றது நூற்றைம்பது.

"அப்ப யோசிக்க என்ன கிடக்கு? நூற்றைம்பது," என்றார் மாஸ்ரர்.

அவர் அப்படிச் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வாழ்நாள் முழுக்க வேகத்தை அளந்த மனிதர் அவர். நிமிடத்துக்கு நாற்பது சொல் அடிப்பவள் சோதனையில் சித்தி, அறுபது அடிப்பவள் திறமைச் சித்தி. வேகம் என்றால் இலக்கம் கூடவேண்டும். அது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி.

அண்ணை சிரித்துவிட்டார். கொஞ்சமாகச் சிரித்திருக்கலாம், அவருக்கு அது வராது.

"அத்தான், உது ஓடுற வேகமில்லை. கேட்டால் பதில் சொல்ல எடுக்கிற நேரம். நூறு கெதியாய்ச் சொல்லும், நூற்றைம்பது பிந்திச் சொல்லும். உதிலை குறையக் குறையத்தான் நல்லது."

அப்போது மத்தியானம் பன்னிரண்டரை. பதினான்கு பொறிகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது அடுத்தவளுக்குத் தொற்றி, அப்படியே கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது.

மாஸ்ரரின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் பதினான்கு பிள்ளைகளுக்கு முன்னால் விளங்கிவிட்டது என்று சொல்வது வேறு விஷயம்.

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனான்," என்றார். "ஆறுதலாய்ப் பதில் சொல்லுற பிள்ளைதான் வடிவாய் யோசிச்சுச் சொல்லும். ஞாபகம் எண்டால் நிதானம் வேணும். அவசரப்பட்டால் பிழைதான் வரும்."

"உது பிள்ளையில்லை அத்தான், சிப்."

"எனக்கு உன்னோடை கதை இல்லை."

அன்றிலிருந்து உண்மையாகவே கதை இல்லை, பேச்சு இல்லை. இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும் அந்த ஒரு மணித்தியாலம் என்னுடைய தலைவிதியானது. இரண்டு மேசைகளுக்கும் நடுவில் நாலு முழம்கூட இருக்காது. நான் அந்த நாலு முழத்துக்குள் நின்றேன்.

"பிள்ளை, உங்கடை அண்ணையைக் கேளும், மை நாடாப் பெட்டி எங்கை எண்டு."

"அண்ணை, மாஸ்ரர் மை நாடாப் பெட்டியைக் கேக்கிறார்."

"எனக்கும் கேட்டது தங்கச்சி. மேசை லாச்சிக்குள்ளை எண்டு சொல்லும்."

"மாஸ்ரர், லாச்சிக்குள்ளையாம்."

"எந்த லாச்சி எண்டு கேளும்."

சில நாட்களில் நான் கொஞ்சம் திருத்தியும் சொல்வேன். "உந்த மனிசனுக்கு இந்தச் சென்மத்திலை விளங்காது எண்டு சொல்லும்" என்று அண்ணை சொன்னால், "அண்ணை பேந்து யோசிச்சுச் சொல்லுறாராம்" என்பேன். மாஸ்ரருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் சொன்னதையே எடுத்துக்கொண்டு, "நல்லது, யோசிக்கட்டும்" என்பார்.

ஒரு நாள் காலை மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டுச் சிங்கப்பூருக்கு ஒரு கடிதம் சொன்னார். நான் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சில் அடித்துக் கொடுத்தேன். நூற்றைம்பது நனோ செக்கன் சிப்புகள் அனுப்பவும், வேறு யாரும் வேறு மாதிரி எழுதினால் பொருட்படுத்தவேண்டாம். அன்று பின்னேரம் அண்ணை ஒரு நீல நிற விமானக் கடிதத்தை ஒட்டி என்னிடம் தந்தார். "பஸ் எடுக்கப் போகேக்கை போட்டு விடும் தங்கச்சி. நூறு எண்டு மூண்டு தரம் கோடு போட்டு எழுதியிருக்கிறன்." நான் இரண்டு கடிதத்தையும் ஒரே தபாற்பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். ஒருவர் எழுதியதை மற்றவருக்குச் சொல்லியிருக்கலாம். எந்த மேசையில் தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கோயில் திருவிழாவுக்குச் சிங்கப்பூர் அக்கா தானே வந்து இறங்கினா. அவ அண்ணைக்குச் சொந்த அக்கா, மாஸ்ரரின் மனைவிக்குத் தங்கை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் படியேறி வந்து, மூச்சு வாங்க, கைப்பைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்து மேசையில் வைத்தா. உள்ளே கறுப்புப் பஞ்சில் குத்தி வைத்தபடி சிப்புகள். ஒவ்வொன்றும் வரிசையாய்க் கால் வைத்த கறுப்புப் பூச்சி மாதிரி இருந்தது.

"வழியிலை ஆமிக்காரங்கள் சோதிச்சவங்கள். தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் ரின்னைத் திறந்து, இது என்னம்மா எண்டு கேட்டான். ஞாபக சக்திக்கு எண்டன். ஏதோ மருந்து எண்டு நினைச்சு மூடித் தந்திட்டான்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாஸ்ரரும் அண்ணையும் தனித்தனியாகச் சிரித்தார்கள்.

"எது வாங்கினனீங்கள் சின்னக்கா? நூறுதானே?" என்றார் அண்ணை.

"பிள்ளை, மச்சாளைக் கேளும், என்ரை கடிதம் கிடைச்சதோ எண்டு," என்றார் மாஸ்ரர்.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவை," என்றா. "ஒருத்தர் சொன்னதைக் கேட்டு மற்றவரை விடேலுமோ? நூறிலை ஒன்பது, நூற்றைம்பதிலை ஒன்பது. கடைக்காரப் பெடியன் தலையிலை கை வைச்சவன். ரெண்டையும் கலக்கக் கூடாது எண்டு சொன்னவன். தம்பி, உனக்கு எங்கடை குடும்பத்தைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வாங்கியந்தன்."

பொருத்துகிற நாள் ஒரு சடங்கு போல நடந்தது. கையில் இருக்கும் நிலைமின்சாரம் சிப்பைச் சுட்டுவிடும் என்று அண்ணை சொல்லியிருந்தார். எனக்கு நைலோன் சேலை தடை. பருத்திச் சேலை கட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் செருப்பைக் கழற்றி, யன்னல் கம்பியை ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் மேசைக்குக் கிட்டப் போகலாம். மாஸ்ரரும் போய்க் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தார். அண்ணை முதல் வரிசையில் நூறை அமுக்கினார். இரண்டாம் வரிசையின் நூற்றைம்பதை மாஸ்ரர் தன் கையாலேயே அமுக்கினார். ஒரு சிப்பின் கால் மடங்கியபோது மட்டும் என் கொண்டை ஊசியால் நிமிர்த்தினோம்.

"ஒவ்வொரு வரிசையிலும் எட்டுப் பேர்தான் ஞாபகம் வைக்கிறவை," என்று அண்ணை பிள்ளைகளுக்கு விளக்கினார். "ஒன்பதாவது ஆள் காவல்காரன். மற்ற எட்டுப் பேரும் சொல்லுறது சரியோ எண்டு பாத்துக்கொண்டு நிப்பான். பிழையெண்டால் வேலையை நிப்பாட்டிப் போடுவான்."

மின்சாரத்தைப் போட்டதும் திரையில் பச்சை எழுத்தில் எண்கள் ஏறின. அறுபத்துநாலு, நூற்றிருபத்தெட்டு என்று ஏறி ஐந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றன; கணனி ஒரு கூவல் போட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கீழேயிருந்து மூன்று தட்டு வந்தது.

பெட்டியின் முகப்பில் ரேர்போ என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் ஒரு சின்ன விளக்கு எரியும், கணனிப் பொறி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். எல்லாத் தொல்லையும் அந்தப் பொத்தானில்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை மாஸ்ரர் ரேர்போவை அழுத்திவிட்டுக் கடிதங்கள் அடித்தார். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. "பாத்தீரோ பிள்ளை? நூற்றைம்பது என்ன வடிவாய் ஓடுது," என்று சந்தோஷமாகச் சாப்பிடப் போனார். இரண்டு மணிக்கு அண்ணை அதே பொத்தானோடு வேலை செய்துகொண்டிருக்கும்போது, திரையில் பாரிற்றி செக் என்று ஒரு வரி வந்து, எல்லாம் விறைத்து நின்றது. காவல்காரன் வேலையை நிறுத்திவிட்டான். அணைத்துப் போட்டோம். பத்து நிமிடத்தில் திரும்பவும் நின்றது.

"நான் சொன்னனே! நூற்றைம்பது உந்த வேகத்துக்கு ஈடு குடுக்காது," என்றார் அண்ணை.

மறுநாள் காலை இதை மாஸ்ரரிடம் சொன்னேன். அவர் பொத்தானை அழுத்தினார். பொறி நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. "உங்கடை அண்ணை ஏதோ நோண்டுறார்," என்றார். பின்னேரம் பொறி நின்றபோது அண்ணை, "காலமை அத்தான் ஏதோ நோண்டிப்போட்டுப் போறார்," என்றார்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. காலையில் பார்த்தவருக்குப் பின்னேரம் நடப்பது பொய். பின்னேரம் பார்த்தவருக்குக் காலையில் நடப்பது பொய். இரண்டையும் பார்த்த நான் இரண்டு பேருக்கும் பொய்க்காரி. மாஸ்ரர் ஒருநாள், "பிள்ளை, நீர் எந்தப் பக்கம்?" என்றே கேட்டுவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வேறு வேலை தேடலாமா என்று யோசித்துக்கொண்டு போனேன்.

பிறகு ஒருநாள் விடியற்காலையிலிருந்து மழை. பகல் முழுக்க விடவில்லை. அன்று இரண்டு மணிக்கும் பொறி நிற்கவில்லை, மூன்று மணிக்கும் நிற்கவில்லை.

"இண்டைக்கு அத்தான் உதிலை கை வைக்கேல்லையோ?" என்றார் அண்ணை.

"வைச்சவர். ஒரு மணி வரைக்கும் அடிச்சவர்."

அண்ணை நம்பாமல் போனார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழே மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு நாங்களே சோர்ந்து போவோம். பிள்ளைகள் பிழை பிழையாக அடிப்பதும் அந்த நேரத்தில்தான். சிப்புக்கு மட்டும் என்ன?

மறுநாள் வெயில். காலையில் மாஸ்ரர் தபாற்கந்தோரில் கடிதம் ஒன்று பதியப் போன நேரம் பார்த்து, ரேர்போவை அழுத்தி, பொறியின் பெட்டியைத் துவாயால் மூடினேன். யன்னலைச் சாத்தினேன். அரை மணித்தியாலத்தில், ஒன்பதரை மணிக்கே, பாரிற்றி செக் வந்தது. பின்னேரம் அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போனபோது பெட்டியின் மூடியைக் கழற்றி மேசை மின்விசிறியைத் திருப்பிவிட்டேன். பொறி நிற்காமல் ஓடியது. மினிபஸ்ஸில் அன்று எனக்கு இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே, சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் நின்ற மனுசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

"மாஸ்ரர், நாளைக்கு நீங்கள் ரெண்டரை மணி வரைக்கும் நிக்கோணும்," என்று அடுத்த நாள் காலை சொன்னேன்.

"சாப்பாடு?"

"நான் கொண்டு வாறன்."

"நித்திரை?"

"அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது மாஸ்ரர்."

சோறு, கத்தரிக்காய்ப் பொரியல், மீன் குழம்பு கொண்டுபோனேன். மாஸ்ரர் கணனிக்கு முன்னால் இருந்து சாப்பிட்டார். அண்ணை சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு மணிக்கு ரேர்போவோடு பொறி விறைத்து நின்றது. மாஸ்ரரின் கை சோற்றோடு அப்படியே நின்றது. அவர் அதைக் கண்ணால் காண்பது அதுதான் முதல் தடவை. நான் மூடியைக் கழற்றி மின்விசிறியைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போட்டேன். ஓடியது. மின்விசிறியை நிறுத்தினேன். கால்மணித்தியாலம் கழித்து நின்றது. திரும்ப மின்விசிறி, திரும்ப ஓட்டம்.

"சூடு ஏறினால் நூற்றைம்பது இன்னும் பிந்துது. பொறியாலை அவ்வளவு நேரம் பொறுக்க ஏலேல்லை. காலமை குளிர், அதாலை சமாளிக்குது," என்றேன். "நீங்கள் ரெண்டு பேரும் சொன்னது உண்மை. அவரவர் நேரத்துக்கு உண்மை."



"அப்ப என்ரை சிப்பிலை பிழையில்லை," என்றார் மாஸ்ரர் மெதுவாக. "வெய்யிலிலைதான் பிழை."

"அத்தான், வெய்யிலை என்னண்டு சிங்கப்பூருக்குத் திருப்பி அனுப்புறது?" என்றார் அண்ணை.

சொன்ன பிறகுதான், நேராகக் கதைத்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பதினான்கு பொறிகளும் நின்றன. மாஸ்ரர் என்னைப் பார்த்தார், நான் திருப்பிச் சொல்லவேண்டும் என்ற மாதிரி.

"அது உங்கடை காதிலையே விழுந்தது மாஸ்ரர். நான் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு வாறன்."

கீழே முற்றத்துக் குழாயில் அந்தப் பெட்டியை நான் கழுவிய மாதிரி ஒருவரும் கழுவியிருக்க மாட்டார்கள். மூடியை மூன்று தரம் தேய்த்தேன். மேலே ஏறி வந்தபோது இரண்டு தலைகளும் அந்தச் சின்னப் புத்தகத்துக்கு மேலே குனிந்திருந்தன.

"தங்கச்சி, உந்தப் பக்கத்தை ஒருக்கா வாசியும்."

மதர்போட்டில் ஒரு சோடிக் கம்பியில் மாட்டியிருந்த சின்னக் கறுப்புத் தொப்பியைக் கழற்றி அடுத்த சோடியில் மாட்டினால், பொறி ஒவ்வொரு தடவையும் மெமறியிடம் கேட்டுவிட்டு ஒரு துடிப்புச் சும்மா நின்று, அதற்குப் பிறகு பதிலை வாங்கும் என்று அதில் இருந்தது. வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் நூற்றைம்பதுக்கு அந்த அவகாசம் போதும்.

"நிதானம்!" என்றார் மாஸ்ரர். "நான் முதல் நாளே சொன்னன், ஞாபகத்துக்கு நிதானம் வேணும் எண்டு."

அண்ணை வாயைத் திறந்தார். பிள்ளைகள் எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டார். வாயை மூடிக்கொண்டு தொப்பியை மாற்றப் போனார். அவர் செய்த நல்ல காரியங்களில் நான் மறக்காதது அது.

முதல் வகுப்பில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். ஒரு கணனி, ஆளுக்குக் கால்மணித்தியாலம். குருநகரிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் தகப்பன் வள்ளங்கள் வைத்திருந்தார். அந்தப் பிள்ளை தன் பெயரை அடிக்க உட்கார்ந்து, முதல் எழுத்தைத் தேடத் தொடங்கியது. மேல்வரிசையைப் பார்த்தது, கீழ்வரிசையைப் பார்த்தது, திரையைப் பார்த்தது. நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். ஒரு செக்கனை நூறு கோடித் துண்டாக வெட்டி நாங்கள் சண்டை பிடித்திருந்தோம். அந்தப் பிள்ளை ஒரு எழுத்தைக் கண்டுபிடிக்க முழுதாக ஒரு நிமிடம் எடுத்தது. மாஸ்ரர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை மாஸ்ரரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றாகவே சிரிக்கத் தொடங்க, அந்தப் பிள்ளை தான் ஏதோ பிழை விட்டதாக எண்ணி எழும்பிவிட்டது. சமாதானப்படுத்தித் திரும்ப இருத்த எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

நாலு வகுப்பு நடத்தினோம். பிறகு தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி, ஊர் முழுக்க மின்சாரம் நின்றுபோனது. கணனியைப் படுக்கை விரிப்பால் சுற்றி மாஸ்ரர் வீட்டு அறைக்குள் வைத்தார்கள். தட்டச்சு வகுப்பு மட்டும் நடந்தது. நான் கலியாணம் செய்து கொழும்புக்குப் போகுமுன் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு பின்னேரம் மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மாஸ்ரர் மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணை அதன் டைனமோவிலிருந்து வயர் இழுத்து ஒரு ரேடியோவில் மாட்டியிருந்தார். செய்தி நேரம்.

"உப்பிடிக் கொம்பியூட்டரை ஓட்ட எத்தினை சைக்கிள் வேணும் மச்சான்?"

"நாப்பது வேணும் அத்தான்."

"இருபது காணும். திரையைச் சின்னனாய் எடுத்தால்."

"திரை சின்னனெண்டாலும் பெட்டி தின்னும். நாப்பது."

"நல்லாய் மிதிக்கிற ஆக்களாய்ப் பிடிச்சால் இருபது காணும் எண்டுறன்."

கதைத்த கதையில் மாஸ்ரரின் கை தளர, செய்தி வாசித்தவரின் குரல் கிணற்றுக்குள் போவது மாதிரித் தேய்ந்தது.

"சுத்துங்கோ அத்தான், சுத்துங்கோ!"

மாஸ்ரர் சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுற்றினார். குரல் திரும்ப மேலே வந்தது. உள்ளேயிருந்து மாஸ்ரரின் மனைவி எனக்குத் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தா.